பொகாச்சாரும் விங்ககோரும்: ஒரு சைக்கிள் போட்டியை எடைபோடும் முறை

மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த டாடேய் பொகாச்சார் 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்றார். டென்மார்க்கைச் சேர்ந்த யோனஸ் விங்ககோர் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வென்றார். ஒருவர் வென்ற ஆண்டில் மற்றவர் தவறாமல் இரண்டாவதாக வந்தார். பொகாச்சாருக்கு 2020-இலும் ஒரு வெற்றி இருப்பதால், எண்ணிக்கையில் அவர் நான்கு, இவர் இரண்டு. யார் பெரியவர் என்ற வாதத்துக்கு இந்த எண்ணிக்கை போதும். அடுத்த பந்தயத்தில் என்ன நடக்கும் என்று கணிக்க விரும்புகிறவருக்கு அது ஏறக்குறையப் பயன்படாது. இருவருக்கும் இடையிலான நேர இடைவெளி எந்தச் சாலையில், பந்தயத்தின் எத்தனையாவது நாளில், எத்தனை அணித் துணைவர்கள் அருகில் இருந்தபோது உண்டானது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால்தான் முன்கூட்டிச் சொல்வதற்குப் பிடிமானம் கிடைக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு, ஜூலை மாத இரவுகளில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களை மனத்தில் வைத்து, அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது என்பதை இங்கே விளக்குகிறேன். 2025 பருவத்தின் முடிவு வரையிலான பந்தயங்களே என் கணக்கில் உள்ளன.

எதைக் குறிப்பது

ஐரோப்பாவின் கோடைக்கால நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் மூன்றரை மணி வேறுபாடு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வரை அது நாலரை மணி. ஆகவே டூரின் பெரும்பாலான கட்டங்கள், அதாவது ஒவ்வொரு நாளின் ஓட்டங்கள், நமக்கு இரவு ஒன்பது மணியை ஒட்டி முடிகின்றன. முழுக் கட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மலைக் கட்டமாக இருந்தால் கடைசி இரண்டு மணி நேரம், அதாவது புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் நடக்கத் தொடங்கிய பிறகான நேரம், போதுமானது. சமவெளிக் கட்டத்துக்குக் கடைசி அரை மணி நேரமே அதிகம், பலத்த பக்கக்காற்று வீசும் நாளைத் தவிர.

டூர் டி பிரான்ஸ் 21 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தம் குறைவாக உள்ளவருக்கு மஞ்சள் சட்டை கொடுக்கிறார்கள். வழக்கமான கட்டங்களில் முதலில் வரும் மூவருக்கு முறையே 10, 6, 4 விநாடிகள் சலுகையாகக் கழிக்கப்படும். இதனால் அன்றைய இடைவெளியும் மொத்த இடைவெளியும் ஒரே அளவில் மாறுவதில்லை. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். அவற்றோடு, இடைவெளி திறந்த ஏற்றத்தின் பெயர், அப்போது இரு தலைவர்களுக்கும் எஞ்சியிருந்த துணைவர் எண்ணிக்கை, வெயிலா மழையா என்ற மூன்றையும் சேர்த்தால் ஒரு கட்டத்துக்கு ஒரு வரி போதும். வேறு எதையும் எழுதத் தேவையில்லை. வீரர்கள் செய்தியாளர்களிடம் சொல்வதை எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. முடியாத நாளில் முடியும் என்பதும், நன்றாக இருக்கும் நாளில் களைத்துவிட்டேன் என்பதும் இந்தத் தொழிலின் வழக்கம்.

2025-ஐப் பிரித்துப் பார்த்தல்

அந்த ஆண்டு பொகாச்சார் 4 நிமிடம் 24 விநாடி முன்னிலையில் வென்றார். செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர் மூன்று வாரமும் அவரே மேலாக இருந்தார் என்று எண்ணிக்கொள்வார். குறிப்பேட்டைத் திறந்தால் வேறு படம் தெரியும்.

ஐந்தாம் கட்டம், கான் நகரில் நடந்த சமதள டைம் டிரையல். இதில் வீரர்கள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டு, தனியாக ஓடி முடிக்கிறார்கள். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் வென்ற அந்தக் கட்டத்தில் பொகாச்சாரை விட விங்ககோர் 1 நிமிடம் 5 விநாடி பின்தங்கினார். பன்னிரண்டாம் கட்டம், பிரனீஸ் மலைத்தொடரில் ஓட்டாகாம் ஏற்றம்: அங்கே 2 நிமிடம் 10 விநாடி. மறுநாள் பெராகூட் மலை மேல் நடந்த டைம் டிரையலில் 36 விநாடி. மூன்றையும் கூட்டினால் 3 நிமிடம் 51 விநாடி ஆகிறது. மொத்த இடைவெளியில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த மூன்று நாள்களில் உண்டானது.

பதின்மூன்றாம் கட்டம் முடிந்தபோது முன்னிலை 4 நிமிடம் 7 விநாடி. பாரிஸ் வந்து சேர்ந்தபோது 4 நிமிடம் 24 விநாடி. ஆக, மோன் வான்டூவும் கோல் டி லா லோஸும் லா பிளாஞ்சும் அடங்கிய கடைசி எட்டுக் கட்டங்களில் விங்ககோர் இழந்தது வெறும் 17 விநாடி. இந்த 17 விநாடிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. மூன்றாம் வாரத்தில் இருவரும் சமபலம் உடையவர்கள் என்று சொல்லலாம். நான்கு நிமிடம் கையில் இருப்பவர் தாக்க வேண்டிய தேவையே இல்லாமல் எதிராளியின் பின்சக்கரத்தை ஒட்டி ஓடினார் என்றும் சொல்லலாம். எது சரி என்று முடிவு செய்ய, அந்த நாள்களில் தாக்கியவர் யார் என்று பார்க்க வேண்டும். வான்டூவில் விங்ககோர் பலமுறை தாக்கினார். பொகாச்சார் ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டதோடு முடிவில் 2 விநாடி கூடுதலாகவும் எடுத்துக்கொண்டார். லோஸ் உச்சியில் பொகாச்சாருக்கு மேலும் 9 விநாடி கிடைத்தது. லா பிளாஞ்சில் விங்ககோர் அவரை முந்தி இரண்டாவதாக வந்ததால், சலுகை விநாடிகளில் 2 விநாடி திரும்பக் கிடைத்தது. இவற்றை வைத்துப் பார்த்தால், பொகாச்சார் அந்த வாரம் தற்காத்துக்கொண்டார், ஆனால் தற்காப்பில் ஒரு விரிசலும் விழவில்லை என்பதே என் முடிவு. விங்ககோருக்கு நம்பிக்கை தரும் செய்தி இதில் இருக்கிறது என்றால், அது மூன்றாம் வாரத்தில் அவர் தளரவில்லை என்பதுதான்.

பழைய கருத்துகளைச் சோதித்தல்

பொகாச்சாருக்கு உயரமும் வெயிலும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கருத்து நீண்டநாள் நிலவியது. அதற்கு அடிப்படை இல்லாமலில்லை. 2022-இல், 2,413 மீட்டர் உயரமுள்ள கோல் டு கிரனோன் உச்சியில் முடிந்த பதினோராம் கட்டத்தில், மஞ்சள் சட்டையோடு தொடங்கிய பொகாச்சார் விங்ககோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். 2023-இல் பதினாறாம் கட்டத்துக்கு முன் இருவருக்கும் இடையே 10 விநாடிதான் இருந்தது; கோம்ப்ளூ டைம் டிரையலில் 1 நிமிடம் 38 விநாடியும், மறுநாள் 2,304 மீட்டர் உயரமுள்ள லோஸ் கணவாயில் அதைப்போல் மும்மடங்குக்கும் மேலாகவும் போய், இரண்டே நாளில் இடைவெளி 7 நிமிடம் 35 விநாடி ஆனது. அணி வானொலியில் தாம் முடிந்துபோனதாகப் பொகாச்சாரே சொன்னது ஒளிபரப்பில் கேட்டது.

அதே லோஸ் கணவாயில் 2025-இல் அவர் 9 விநாடி முந்தினார் என்பதை மேலே பார்த்தோம். ஏறிய பக்கம் வேறு, ஆனால் மலையும் உயரமும் மாறவில்லை. ஆகவே உயரம் பற்றிய கருத்து தவறு, அல்லது ஒருகாலத்தில் சரியாக இருந்து இப்போது காலாவதியாகிவிட்டது. ஒரே மலையில் இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் சந்திக்கும்போது, அந்த வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது இதற்காகத்தான். ஓட்டாகாமும் அப்படிப்பட்ட இடமே: 2022-இல் அங்கே வென்றவர் விங்ககோர், 2025-இல் பொகாச்சார்.

இத்துடன் உடல்நிலையையும் எழுத வேண்டும். 2023 ஏப்ரலில் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததால் பொகாச்சாரின் பயிற்சி தடைபட்டது. 2024 ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்த விங்ககோருக்கு நுரையீரல் சுருங்கி, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. மூன்று மாதத்தில் டூருக்கு வந்து அவர் இரண்டாம் இடம் பிடித்தது, என் கணக்கில், அவருடைய சில வெற்றிகளை விடப் பெரியது. 2025 மார்ச்சிலும் அவர் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து விலக நேர்ந்தது. இருவரும் இடையூறின்றித் தயாராகி வந்த ஆண்டு எது என்று தேடினால் 2022 ஒன்றுதான் ஐயமின்றி மிஞ்சுகிறது. 2023-இன் ஏழரை நிமிடத்தையும் 2024-இன் 6 நிமிடம் 17 விநாடியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பாதி மதிப்புக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

அணியின் பங்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை பிற்பகலில் ஓட்டிப் பார்த்தவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். கடற்காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும்போது முன்னால் ஒருவர் ஓட்டினால் பின்னால் வருபவரின் உழைப்பு வெகுவாகக் குறையும். அந்தக் காற்றுமறைவு நேர் பின்னால் விழுவதில்லை, சாய்வாக விழும். சாலையின் அகலத்துக்கு எத்தனை பேர் சாய்வரிசையில் நிற்க முடியுமோ அத்தனை பேர் தப்புவார்கள், மற்றவர்கள் அறுந்துபோவார்கள். சமவெளிக் கட்டத்தில் நிமிடங்கள் பறிபோவது இப்படித்தான்.

ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கும் குறைகிறது; உடல் எடைக்கு எவ்வளவு ஆற்றல் என்பதே கணக்கு. கேப்பர் மலை ஏறி இதை உணர முடியாது, அது சிறிய மேடு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்களுக்கு, 13.8 கிலோமீட்டர் நீளமும் சராசரி எட்டு விழுக்காட்டுச் சரிவும் 21 வளைவுகளும் கொண்ட ஆல்ப் டியூஸ் என்ன செய்யும் என்பது ஓரளவு விளங்கும். மெலிந்த உடல்வாகுள்ள விங்ககோருக்கு நீண்ட செங்குத்தான ஏற்றம் பொருந்துவதும், அவரை விடச் சற்றே கனமான பொகாச்சார் சமதள டைம் டிரையலிலும் குறுகிய வெடிப்பான ஏற்றத்திலும் முந்துவதும் இதனால்தான். ஆனால் இந்தப் பிரிவினை ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகிறது என்பதை ஓட்டாகாம் காட்டிவிட்டது.

மலையில் அணி பயன்படுவது காற்றை மறைக்க மட்டுமல்ல. 2022-இல் கலிபியே ஏற்றத்தில் விங்ககோரும் அவருடைய அணித்தோழர் பிரிமோஷ் ரொக்லிச்சும் மாறிமாறித் தாக்க, இருவரையும் தனியாளாகத் துரத்திய பொகாச்சார் அதன் விலையைக் கிரனோனில் கொடுத்தார். ஓட்டாகாம் வந்தபோது அவர் அணியின் எட்டுப் பேரில் பாதிப் பேர் நோயாலும் காயத்தாலும் விலகியிருந்தார்கள். 2025-இல் அவருடைய முக்கியத் துணைவர் ஜுவாவ் அல்மெய்டா ஒன்பதாம் கட்டத்திலேயே விலகியும் வெற்றி கைநழுவவில்லை. துணைவர் எண்ணிக்கையை எழுதச் சொன்னதன் காரணம் இந்த வேறுபாடுதான்: பொகாச்சாரைத் தனிமைப்படுத்தினால் வீழ்த்திவிடலாம் என்ற வழி, தனிமையிலும் அவர் வலுவாக இருக்கும் ஆண்டில் அடைபட்டுப்போகிறது.

இருவர் போட்டியில் மூன்றாமவர் வெல்வதும் உண்டு. இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2025-இன் கடைசி மலைக் கட்டத்தில், முதலிடத்தில் இருந்த மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவும் இரண்டாமிடத்தில் இருந்த ஈக்வடாரின் ரிச்சர்ட் கரப்பாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு துரத்தாமல் நின்றார்கள். மூன்றாமிடத்தில் இருந்த பிரிட்டனின் சைமன் யேட்ஸ் ஃபினெஸ்ட்ரே கணவாயில் போய்விட்டார், அப்பால் அவருக்காக அணித்தோழர் வாவ்ட் வான் ஆர்ட் காத்திருந்தார், பந்தயமும் யேட்ஸுக்குப் போனது. உங்கள் கணிப்பில் மூன்றாமிடக்காரருக்கு எப்போதும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஒருநாள் பந்தயம் தனிக் கணக்கு

டூரின் கணக்கை ஒருநாள் பந்தயங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே பொகாச்சாரின் எதிராளி விங்ககோர் அல்லர்; நெதர்லாந்தின் மத்யூ வான் டெர் பூல். 2025 வசந்தத்தில் இருவரும் மூன்று பெரிய பந்தயங்களில் மோதினார்கள். மிலான்–சான் ரேமோவில் வான் டெர் பூல் வென்றார், பொகாச்சார் மூன்றாவது. பிளாண்டர்ஸில் பொகாச்சார் தனியாக வந்து வென்றார், வான் டெர் பூல் மூன்றாவது. பாரிஸ்–ரூபேயில் வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றார். ஒரு வளைவைத் தவறவிட்டு விழுந்த பொகாச்சார் இரண்டாவதாக வந்தார்.

காரணம் சரிவில் இருக்கிறது. சான் ரேமோவின் கடைசி ஏற்றமான போஜ்ஜியோ நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான சராசரிச் சரிவு கொண்டது. அவ்வளவு வேகத்தில் ஏறும்போது பின்னால் ஒட்டியிருப்பவரை உதறுவது கடினம், ஒட்டியிருப்பவர் கடைசி விரைவோட்டத்தில் வல்லவராக இருந்தால் ஆட்டம் முடிந்தது. பிளாண்டர்ஸின் கல் பாவிய ஏற்றங்கள் செங்குத்தானவை, திரும்பத் திரும்ப வருபவை. இத்தாலியின் லொம்பார்டியாவில் ஏற்றங்கள் இன்னும் நீளம். அதைப் பொகாச்சார் 2021 முதல் 2025 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றிருக்கிறார். சரிவும் நீளமும் கூடக்கூட அவர் பக்கம் சாயும் என்று எழுதிக்கொண்டால், ஒருநாள் பந்தயங்களில் பாதிக் கணிப்பு சரியாக வரும். 2025 முடிவில் அவரிடம் இல்லாத பெரிய வெற்றிகளில் சான் ரேமோவும் ரூபேயும் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவும் அடங்கும் என்பதை நினைவில் கொண்டால், அவர் எந்த ஆண்டில் எதற்காகத் தயாராகிறார் என்பதை ஊகிக்கலாம்.

இங்கே ஒரு பழங்கதை பொருந்தும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்து இரண்டு ஆண்டுகள் ஆன 1964-இல், பிரான்ஸை இரண்டாகப் பிரித்த போட்டி ழாக் ஆங்க்தீல், ரேமோன் பூலிதோர் ஆகிய இருவருடையது. புய் டி டோம் மலையில் தோளோடு தோள் உரசி ஏறி, முடிவில் பூலிதோர் முன்னே போயும் ஆங்க்தீல் 14 விநாடியில் மஞ்சள் சட்டையைக் காத்து, டூரை 55 விநாடியில் வென்றார். வாழ்நாளில் ஒருநாள்கூட மஞ்சள் சட்டை அணியாத அந்தப் பூலிதோரின் மகள்வழிப் பேரன்தான் வான் டெர் பூல். 2021-இல் தமது முதல் டூரிலேயே அவர் அதை அணிந்தார்.

அடுத்து வருபவர்கள்

எவனபூலை எடைபோடுவது எல்லாரையும்விடக் கடினம். 2000-இல் பிறந்த அவர் 2022-இல் வுவெல்டாவையும் உலகப் பட்டத்தையும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கங்களையும் வென்றவர். 2025-இல் கிகாலியில் நடந்த உலகப் போட்டியின் டைம் டிரையலில், தமக்கு முன்பே புறப்பட்ட பொகாச்சாரைச் சாலையிலேயே கடந்து சென்றார். ஆனால் அடுத்த மூன்று வாரங்களுக்குள் உலகச் சாலைப் பந்தயம், ஐரோப்பியப் பந்தயம், லொம்பார்டியா ஆகிய மூன்றிலும் பொகாச்சார் முதல், எவனபூல் இரண்டாவது. தனியே ஓடினால் மேல், ஏற்றத்தில் வெடித்துக் கிளம்புபவரோடு ஒட்ட முடியவில்லை. டூர் பாதையில் சமதள டைம் டிரையல் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்த பிறகே அவர் பெயரை எழுதுங்கள்.

இளையவர்களில், 2025 டூரில் மூன்றாமிடம் பிடித்த ஜெர்மனியின் ஃபுளோரியான் லிப்போவிட்ஸ், ஜிரோவில் இரண்டாமிடம் பெற்ற டெல் டோரோ, 2006-இல் பிறந்து 2025-இல் இளையோருக்கான டூர் டி லவனீரை வென்ற பிரான்ஸின் பால் செக்ஸாஸ் ஆகிய மூவரையும் தொடர்வது போதும். டெல் டோரோ பொகாச்சாரின் அணியிலேயே இருப்பதால், அவர் வலிமை அவருக்கே பயன்படுமா என்பது தனிக் கேள்வி. வயதை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிட வேண்டாம். பொகாச்சார் தம் இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முதல் டூரை வென்றார். விங்ககோரோ இளவயதில் ஹான்ஸ்ட்ஹோம் துறைமுகத்தில் மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டியவர், கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு அந்த வேலையின் நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும். அவர் பெரிய அணிக்கு வந்தது 2019-இல்தான்.

கணிப்பை எழுதுதல்

பாதை அறிவிக்கப்பட்டதும் முதலில் டைம் டிரையலின் நீளத்தையும், மலைகள் எந்த வாரத்தில் விழுகின்றன என்பதையும் பாருங்கள். 2026 டூருக்கு அறிவிக்கப்பட்ட பாதை ஜூலை 4 அன்று பார்சிலோனாவில் அணி டைம் டிரையலுடன் தொடங்கி, பத்தொன்பதாம், இருபதாம் கட்டங்களில் அடுத்தடுத்த நாள் ஆல்ப் டியூஸில் முடிகிறது. எதிராளியின் சிறந்த வாய்ப்பை கடைசி நாள்கள் வரை ஒத்திப்போடும் இந்த அமைப்பு, மூன்றாம் வாரத்தில் தளராத விங்ககோருக்கு 2025 பாதையை விட ஏற்றது. ஆயினும் பிரனீஸில் அவர் முன்போல் இரண்டு நிமிடம் இழந்துவிட்டால் ஆல்ப் டியூஸ் இரண்டு முறை வந்தும் பயனில்லை. ஆகவே நான் பொகாச்சாரையே முதலில் வைக்கிறேன். வென்றால் ஆங்க்தீல், எடி மெர்க்ஸ், பெர்னார் ஈனோ, மிகேல் இந்துராயின் ஆகியோரோடு ஐந்து டூர் வென்றவர் வரிசையில் சேர்வார். முதல் மலை வாரம் முடிந்தபோது இருவருக்கும் இடையே ஒரு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் என் கணிப்பை மாற்றிக்கொள்வேன்.

இப்படி, எது நடந்தால் எண்ணத்தை மாற்றுவீர்கள் என்பதையும் சேர்த்து, பந்தயம் தொடங்கும் முன் தேதியோடு எழுதி வையுங்கள். முடிந்த பிறகு பெயர் பலித்ததா என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் சொன்ன காரணம் பலித்ததா என்று பாருங்கள். எதிராளி விழுந்ததால் உங்கள் ஆள் வென்றிருந்தால், அந்த வரியின் எதிரே அதையும் குறித்துவிட்டு 2027 பாதைக்குப் பக்கத்தைத் திருப்புங்கள். அது எடின்பரோவில் தொடங்குகிறது.